சப்பாத்துக்குப் பாடிய பாட்டு

என் கணவரின் இடதுகால் வேலைச் சப்பாத்து ஒரு டிசம்பர் மாதத்துக் காலையில் காணாமல் போயிற்று. கறுப்பு நிறம், முன்பக்கம் இரும்பு வைத்தது, கையில் தூக்கினால் ஒரு தேங்காயின் கனம் இருக்கும். கார்களுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அந்தச் சப்பாத்து இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கனடாவில், டோர்செட் பார்க்கில் ஓர் உயரமான கட்டடத்தில் எட்டாம் மாடியில் நாங்கள் இருந்தோம். கீழே கூட்டாளியின் கார் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. இவரோ ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் வெறும் மேசுக் காலுறையுமாக நொண்டி நொண்டி வீடு முழுவதும் தேடினார். வாசல் அலுமாரியைக் கிளறினோம், கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தோம், ஊத்தை உடுப்புக் கூடையைக்கூடக் கவிழ்த்தோம். சாமிப்படங்களுக்கு முன்னால் மட்டும் பார்க்கவில்லை. அங்கே போய்ச் சப்பாத்தைத் தேட எந்த யாழ்ப்பாணத்துச் சைவக்காரனுக்குத் தோன்றும்?

குளித்து, ஈரத்தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, விளக்கேற்ற வந்த மச்சாள்தான் அதைக் கண்டார். மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. "ஐயோ பிள்ளையாரே!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழ் மாடிக்காரன் எழும்பியிருப்பான். முன்னறையில் ஜன்னலுக்குக் கீழே ஹீற்றர். அதை ஒட்டி ஒரு சிறிய அலுமாரி, அதன் மேல் பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும். பிள்ளையாருக்கு நேரே கீழே, ஹீற்றரோடு சாய்ந்தபடி, அந்த இடதுகால் சப்பாத்து இருந்தது. அதன் வாய்க்குள் ஒரு முழுக் கரட் நட்டுவைத்ததுபோல நின்றது.

என் கணவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "அக்கா, பிள்ளையாருக்கு மோதகம் அலுத்துப்போச்சுப்போல" என்றார். கரட்டைப் பிடுங்கி என் கையில் தந்துவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினார். அந்த நேரம் பார்த்துச் சின்ன அறையின் கதவு திறந்தது. மச்சாளின் மகள், என் ஐந்து வயது மருமகள், இரவுச் சட்டையோடு வந்து நின்றாள். ஹீற்றருக்குப் பக்கத்தில் வெறுமையாய்க் கிடந்த இடத்தை முதலில் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். "அது குதிரையின்ர கரட்!" என்று ஓவென்று அழத் தொடங்கினாள்.

அந்த மருமகள் இன்று ரூஜ் பக்கம் சொந்த வீட்டில், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். நான் இதைச் சொன்னால், "மாமி, சும்மா கதை விடாதேங்கோ" என்று சிரிக்கிறாள். அவளுக்கு அந்தச் சப்பாத்தும் நினைவில்லை, குதிரையும் நினைவில்லை, பாட்டில் ஒரு சொல்லும் நினைவில்லை. அதனால்தான் எழுதிவைக்கிறேன். இதை முழுக்கக் கூட நின்று பார்த்தவள் நான், எனக்கும் வயது போகிறது.

அவள் பிறந்தது நெதர்லாந்தில். எங்கள் வீட்டில் அந்த நாட்டுக்கு எப்போதும் ஒல்லாந்து என்றே பெயர். மச்சாளும் அவருடைய கணவரும் அங்கே போய்ச் சேர்ந்து, அகதி முகாமில் இருந்து, பிறகு ஒரு சின்ன ஊரில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். மச்சாளின் கணவரை நான் அண்ணை என்பேன். அண்ணை அங்கே தக்காளி வளர்க்கும் பெரிய கண்ணாடிக் கூடங்களில் வேலை செய்தார். அவர்களுடைய அகதி வழக்கு இழுபட்டு இழுபட்டு, கடைசியில் அந்த நாட்டில் இருக்க விடமாட்டார்கள் என்ற நிலைக்கு வந்துவிட்டது. மூன்று பேரும் ஒன்றாக வெளிக்கிட வழி கிடைக்கவில்லை. முதலில் தாயும் பிள்ளையும் கனடா வரட்டும், ஆறு மாதத்தில் தகப்பன் வந்துவிடுவார் என்று முடிவாயிற்று. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் ஆறு மாதம் என்றுதான் சொல்வார்கள். ஆறு மாதம் என்றால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று அர்த்தம்.

இலையுதிர் காலத் தொடக்கத்தில் அவர்கள் இருவரும் எங்களிடம் வந்தார்கள். பிள்ளை தாயோடும் தகப்பனோடும் தமிழ் கதைத்துப் பழகியவள், பாலர் வகுப்பில் ஒல்லாந்து மொழி கற்றவள், இங்கே வந்து பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் கேட்டாள். மூன்றுக்கும் நடுவில் அகப்பட்டு வாயை இறுக்க மூடிக்கொண்டாள். எங்களோடு தேவைக்குத் தமிழில் இரண்டு சொல் கதைப்பாள். ரெலிபோனில் மட்டும் ஒரு சொல்லும் வராது. அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் எடுப்பார்; அவருக்கு அது பின்னேரம். மச்சாள் கதைத்து முடித்ததும் ரிசீவரைப் பிள்ளையின் காதில் வைத்து அழுத்துவோம். சுற்றி மூன்று பேர் நின்று, "கதை, கதை, அப்பாவோட கதை" என்போம். அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு, மூச்சு மட்டும் விடுவாள். கொஞ்ச நேரத்தில் ரிசீவரைப் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே ஓடிவிடுவாள்.

அண்ணையை நான் அதுவரை நேரில் கண்டதில்லை. கலியாணப் படத்தில் தடித்த மீசையோடு நிற்கும் ஓர் ஆள், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குரல், அவ்வளவுதான். மெல்லிய குரல், எதைச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கும். "பரவாயில்லைத் தங்கச்சி, மூச்சுச் சத்தம் நல்லாக் கேக்குது" என்று ஒருநாள் சொன்னார். இன்னொரு நாள், "என்னை மறந்துபோகுதோ தெரியாது" என்றார். இருக்காது அண்ணை, சின்னப் பிள்ளைதானே, கூச்சம் என்று நான் சொன்னேன். சொன்னேனே தவிர எனக்கும் பயம்தான். ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, வெளிநாட்டிலிருந்து வந்த தகப்பனைக் கண்டு அயல்வீட்டுக்குள் ஓடி ஒளித்தது. அந்த மனிதர் தின்பண்டங்கள் நிறைந்த பையோடு வாசல் படலையில் நின்ற நிற்பு எனக்கு மறக்கவில்லை. அண்ணையும் அப்படி நிற்கக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்திருந்தது.

சப்பாத்து காணாமல் போன அன்று மச்சாள் பிள்ளையின் கையில் ஓர் அடி போட்டுவிட்டு, சாமிக்கு மன்னிப்பும் கேட்டுவிட்டு, தையல் தொழிற்சாலைக்குப் புறப்பட்டார். எனக்குப் பேக்கரியில் மத்தியானத்துக்குப் பிறகுதான் வேலை. பிள்ளையை அடுப்படியில் கதிரையில் ஏற்றி இருத்தி, பால் கலக்கிக் கொடுத்து, மெதுவாகக் கேட்டேன். அழுகையும் பாலுமாகக் கதை வந்தது. ஒல்லாந்தில் டிசம்பர் தொடங்க, வெள்ளைத் தாடி வைத்த ஒரு கிழவர் தூர தேசத்திலிருந்து கப்பலில் வருவாராம். கிறிஸ்தவ ஆயர்போல நீளச் சட்டை, உயரத் தொப்பி, வெள்ளைக் குதிரை. பிள்ளைகள் நெருப்புக்குப் பக்கத்தில், அது இல்லாத வீடென்றால் ஹீற்றருக்குப் பக்கத்தில், தங்கள் சப்பாத்தை வைத்து, குதிரைக்கென்று ஒரு கரட்டும் வைத்து, பாட்டுப் பாட வேண்டும். விடிய எழும்பிப் பார்த்தால் கரட் இராது, கேட்டது இருக்கும்.

எனக்குச் சிலது அப்போது விளங்கிற்று. அதற்கு முதல் சனிக்கிழமை மோலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அங்கே சிவப்புச் சட்டை போட்ட நத்தார் தாத்தா சிங்காசனத்தில் இருந்து பிள்ளைகளை மடியில் ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் நெடுநேரம் நின்று எங்கள் முறை வந்ததும் இவள் கிட்டப் போக மாட்டேன் என்று காலை ஊன்றிவிட்டாள். "உது பொய் ஆள். குதிரை எங்க?" என்று கேட்டாள். பின்னால் நின்ற வெள்ளைக்காரியைப் பார்த்து நான் பல்லைக் காட்டினேன்.

"அதுசரி, மாமாவின்ர சப்பாத்தை ஏன் வைச்சனீ? உன்ர சின்னச் சப்பாத்து இருக்கெல்லே?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பெரியவர்களுக்கு இதுகூட விளங்கவில்லையே என்கிற பார்வை. "அப்பா பெரிசெல்லே மாமி. என்ர சப்பாத்துக்குள்ள எப்பிடி வருவார்?" என்றாள்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தேத்தண்ணீர் கொதித்து வழிந்தது, அதைக்கூட இறக்கத் தோன்றவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அவள் பாலைக் குடித்து முடித்துவிட்டு எனக்கு அந்தப் பாட்டைப் பாடிக் காட்டினாள். சின்னப் பாட்டு. படியேறுவதுபோல நாலு அடி மேலே போகும், கடைசி அடியில் துள்ளி இறங்கும். இடையிடையே தொண்டையில் மீன்முள் சிக்கியவர்கள் செருமுவதுபோல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வரும் இடங்களில் அவள் கழுத்தை நீட்டி, முகத்தைச் சுளித்து, வெகு கவனமாகப் பாடினாள். ஆர் சொல்லித் தந்தது, ரீச்சரோ என்று கேட்டேன். ரீச்சர் தனக்குச் சொல்லித் தந்தது, தான் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தது என்றாள்.

பிறகு அண்ணையிடமே அந்தக் கதையைக் கேட்டேன். மச்சாள் ஒல்லாந்தில் பின்னேரங்களில் கந்தோர்கள், அதாவது அலுவலகங்கள், துப்புரவு செய்யப் போவார். அண்ணை தக்காளிக் கூடத்திலிருந்து வந்து பிள்ளைக்குச் சோறு தீத்தி, படுக்க வைக்க வேண்டும். பாலர் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்று வந்துவிட்டது. அண்ணைக்கோ அந்த மொழியில் வணக்கம் சொல்லவே நாக்குச் சுளுக்கும். மகள் ஆசிரியை, தகப்பன் மாணவன். பிழை விட்டால் திரும்ப முதலிலிருந்து பாட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டுதான் பாட வேண்டும் என்ற சட்டம் மட்டும் அண்ணை போட்டது. மகள் கண்ணை மூடிப் பாடும்போது அவர் சப்பாத்துக்குள் ஒரு தோடம்பழத்தை நழுவ விட்டுவிடுவாராம். "அவளுக்கு என்னிலும் பார்க்க அந்தக் கிழவனில நம்பிக்கை, தங்கச்சி" என்று சிரித்தார்.

மச்சாளுக்கு அந்தப் பாட்டென்றால் ஆகாது. "பாட்டுப் பாட வேணுமெண்டால் ஒரு தேவாரம் பாடட்டும். அந்த நாடு எங்களை வைச்சிருக்கமாட்டன் எண்டது. அதின்ர பாட்டு எங்களுக்கு என்னத்துக்கு?" என்பார். பிள்ளையின் வாயில் அந்த மொழியில் ஒரு சொல் வந்தாலே முகம் இறுகிவிடும். என் கணவர் தமக்கையைச் சீண்டுவார். "அக்கா, யாழ்ப்பாணத்தில கோட்டையை ஆர் கட்டினது? ஒல்லாந்தன். கந்தோர் எண்ட சொல்லு ஆற்ற? கக்கூஸ் ஆற்ற? எல்லாம் அவன்ர. அவ்வளவையும் வைச்சிருக்கிறியள், இந்தப் பாட்டிலையோ தீட்டுப் பிடிச்சது?" மச்சாள் சிரிக்கமாட்டார். அவர் கோபமெல்லாம் அந்த நாட்டில் அல்ல என்று எனக்குத் தெரியும். அந்த மொழி காதில் விழும்போதெல்லாம், கண்ணாடிக் கூடத்திலிருந்து திரும்பி வெறும் வீட்டில் தனியே சோறு காய்ச்சும் மனிதரின் நினைவு வந்துவிடும். அதைத் தாங்குவதைவிடக் கோபிப்பது சுலபம்.

அன்று பின்னேரம் மச்சாள் வேலையால் வந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது, பிள்ளை ஏன் பெரிய சப்பாத்தை எடுத்தாள் என்று சொன்னேன். கத்தி நின்றது. பிறகு மச்சாள் திரும்ப வெட்டத் தொடங்கினார்.

சனிக்கிழமை பின்னேரம் மச்சாள் தம்பியிடம் போய், "நாளைக்கு உனக்கு வேலை இல்லைத்தானே. அந்தச் சப்பாத்தைக் கொண்டா" என்றார். இவர் பயந்துகொண்டே கொடுத்தார், குப்பையில் போடப் போகிறாரோ என்று. மச்சாள் அதைக் குளியலறைக்குள் கொண்டுபோனார். செருப்பு வாசலைத் தாண்டக்கூடாது என்று வருகிற விருந்தாளியிடமெல்லாம் சொல்லுகிற மனிசி, தொட்டிக்குள் முழங்காலில் நின்று, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தையல் தையலாக எண்ணெய் அழுக்கு எடுத்தார். சாதாரண சவர்க்காரம் அல்ல, சாமிக்கு விளக்கேற்றப் போகும் முன் தான் குளிக்கிற சந்தன சோப். நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்த நேரத்தில் மச்சாள் மேல் எனக்கு வந்த அன்பை இன்று வரை நான் அவருக்குச் சொன்னதில்லை. கழுவித் துடைத்து ஹீற்றரில் காயப் போட்டார். பிறகு பிள்ளையார் படத்தைத் தூக்கி எதிர்ச் சுவர்ப் பக்கம் வைத்தார். முருகனும் லட்சுமியும் பின்னால் போனார்கள். "குழந்தையும் தெய்வமும் கொண்டாடுற இடத்தில எண்டு சொல்லுவினம். அவர் கோவிக்கமாட்டார்" என்றார். ஆருக்குச் சொன்னார் என்று தெரியாது. அந்தத் திங்கட்கிழமை என் கணவர் தொழிற்சாலைக்குச் சந்தன வாசத்தோடு போய், பகல் முழுக்கக் கூட்டாளிகளின் பகிடிக்கு ஆளானார்.

ஞாயிறு காலையில் பிள்ளை தலை வாரி இழுத்து, நல்ல சட்டை போட்டு, கரட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுச் சப்பாத்துக்கு முன்னால் சம்மணம் கொட்டி இருந்தாள். விடிய எழும்பிப் பார்க்கும் முறை எங்கள் வீட்டில் பகலுக்கு மாறிவிட்டதைப் பற்றி அவள் குறை சொல்லவில்லை. ரெலிபோன் அடித்தது. வீடு முழுக்கக் கொண்டு திரியலாம் என்று நீள வயர் போட்ட ரெலிபோன் எங்களது. நான் எடுத்து, "அண்ணை, ஒண்டும் கதையாதேங்கோ. கேட்டுக்கொண்டிருங்கோ" என்று மெதுவாகச் சொன்னேன். பிள்ளை கண்ணை மூடிப் பாடத் தொடங்கியதும் பூனைபோலப் போய், ரிசீவரைச் சப்பாத்தின் வாய்க்குள் கரட்டுக்குப் பக்கத்தில் செருகினேன்.

முதல் இரண்டு அடியும் அவள் தனியே பாடினாள். மூன்றாவது அடியில் சப்பாத்துக்குள்ளிருந்து இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. கரகரத்த, சுருதி சேராத, ஆனால் எல்லாச் சொல்லும் தெரிந்த குரல். பிள்ளை கண்ணைத் திறந்தாள். பாட்டை நிறுத்தவில்லை. கடைசி அடியை இரண்டு பேரும் சேர்ந்து துள்ளி இறங்கினார்கள். அவள் குனிந்து சப்பாத்துக்குள் பார்த்தாள். "அப்பா?" என்றாள்.

அது ரெலிபோன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளை மடைச்சி அல்ல. ஆனாலும் காதில் வைத்து அழுத்தினால் வராத கதையெல்லாம் சப்பாத்துக்கு வந்தது. குப்புறப் படுத்துக்கொண்டு, கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். பனி கொட்டியது, கையுறை ஒன்று தொலைந்தது, பொய்க் கிழவரிடம் குதிரை இல்லை, மாமா குறட்டை விடுகிறார், பள்ளிக்கூடத்தில் தான் கொட்டாவி விட்டதைப் பார்த்து ஒரு பெடியன் சிரித்தான். அண்ணை ஒவ்வொன்றுக்கும், "ஓமோ? பிறகு?" என்றார். நாங்கள் மூன்று பேரும் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டோம். ஆரும் சுற்றி நின்று "கதை, கதை" என்று சொல்லாததுதான் காரணமோ என்று இப்போது நினைக்கிறேன். மச்சாள் எங்களுக்கு முதுகு காட்டி நின்று, ஏற்கெனவே கழுவிய கோப்பைகளைத் திரும்பக் கழுவினார். முன்னறையில் பிள்ளை, "எப்ப வாறீங்கள்?" என்று கேட்பது கேட்டது. அண்ணை பதில் சொன்னார்: "கப்பல் பிந்துது அம்மா. ஆனா வரும்."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் சப்பாத்து ஹீற்றரடிக்கு வந்துவிடும். என் கணவர் தனக்கு வேறு சோடி வாங்கிக்கொண்டு அதை அவளுக்கே விட்டுக்கொடுத்தார். வருகிற ஆட்கள் வரவேற்பறையில் ஒற்றை வேலைச் சப்பாத்தைக் கண்டு முழிப்பார்கள். "எங்கட குலதெய்வம்" என்பார் இவர்.

ஆனால் கப்பல் நன்றாகவே பிந்திற்று. மச்சாளின் வழக்கு இங்கே சரிவந்து, அண்ணையைக் கூப்பிடுவதற்கு எழுதிப் போட்டு, அதற்கு இன்னும் இன்னும் கேள்வி வந்துகொண்டிருந்தது. அடுத்த டிசம்பரில் மருமகளுக்கு ஆறு வயது. பாட்டில் பாதிச் சொல் மறந்துவிட்டது. அவள் தடக்கும் இடங்களில் அண்ணை சப்பாத்துக்குள்ளிருந்து சொல்லை எடுத்துக் கொடுத்தார். ஒருகாலத்து மாணவன் இப்போது ஆசிரியர். அதற்கும் அடுத்த டிசம்பரில் அவள் வாயில் இங்கிலிஷ் தண்ணீராக ஓடியது. அப்பா ரெலிபோனில் கேட்டதற்கெல்லாம், "ஓம்", "இல்லை", "ஐ டோன்ட் நோ" என்று மூன்றே பதில்தான். பாட்டுப் பாடச் சொன்னால், "அது பேபிப் பாட்டு" என்று ரிவிக்கு முன்னால் போய் இருந்துவிட்டாள்.

அண்ணையிடம் நான் எதை எதையோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். பள்ளிக்கூட அலுப்பு, தடிமன், இருமல் என்றேன். அவர், "தங்கச்சி, ரிசீவரைச் சப்பாத்துக்குள்ள வைச்சு விடுங்கோ. நான் பாடுறன்" என்றார். வைத்தேன். ஒரு பக்கம் கார்ட்டூன் சத்தம், இன்னொரு பக்கம் சப்பாத்துக்குள்ளிருந்து ஒரு மனிதர் தனியே, முதலடியிலிருந்து கடைசியடி வரைக்கும் பாடினார். என் வாழ்க்கையில் அவ்வளவு துக்கமான ஒன்றை நான் கேட்டதில்லை. சந்தோஷமான பாட்டு என்பதால் இன்னும் மோசமாக இருந்தது. மச்சாள் ஓடிவந்து ரிசீவரை எடுத்து, "போதும், இஞ்சேருங்கோ, போதும்" என்றார். மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது ரிவியின் சத்தத்தை அவள் குறைத்துவிட்டிருந்தாள். அதை நான் மட்டும் கவனித்தேன், மச்சாளுக்கு அன்றிரவே சொன்னேன். "உண்மையாவோ?" என்று அவர் இரண்டு மூன்று தரம் கேட்டார்.

அண்ணையின் கடதாசிகள் சரிவந்து, அவர் வந்து இறங்கியது அதற்கு அடுத்த கோடையில், நெருப்பு வெயிலில். விமான நிலையத்துக்கு எல்லோரும் போனோம். மச்சாள் கூறைச் சேலைதான் கட்டவில்லை, மற்றதெல்லாம் கலியாண அலங்காரம். மருமகள் எட்டு வயதை எட்டிக்கொண்டிருந்தாள். வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகிக்கொண்டே போயிற்று. எனக்கு ஊரில் அந்தப் படலையில் நின்ற மனிதரின் ஞாபகம் வந்து வந்து போனது. பிள்ளையாரே, ஒளிக்காமல் நின்றால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியில் ஒரு சிறிய மனிதர் தள்ளுவண்டியோடு வந்தார். கலியாணப் படத்து மீசை நரைத்திருந்தது. குரலை வைத்து நான் மனதில் கட்டியிருந்த ஆள் இன்னும் உயரம். மச்சாளைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் சபையில் கட்டிப்பிடிக்கிறவர்கள் அல்ல. பிறகு மகளுக்கு முன்னால் வந்து முழங்காலில் இருந்தார். அவள் என் பின்னால் பாதி ஒளித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார், கதை வரவில்லை. இவ்வளவு காலமும் ஒரு சப்பாத்தோடு கதைத்துப் பழகிய மனிதர். நேரே ஒரு முகம் இருக்க என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் பாடத் தொடங்கினார். மிக மெதுவாக, செருமிச் செருமி, அதே பாட்டை. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் கூரையைப் பார்த்தார். அண்ணை முதலடியை முடித்து இரண்டாவதைத் தொடங்கும்போது மருமகள் என் கையை விட்டாள். முன்னால் போய்த் தன் உள்ளங்கையை அவர் வாயில் வைத்து மூடினாள்.

"அப்பா, ஸ்டொப். அது வரச் சொல்லிப் பாடுற பாட்டு. நீங்கள்தான் வந்திட்டீங்களே" என்றாள்.

அண்ணை அந்தக் கையை எடுக்கவில்லை. கைக்குள்ளால்தான், "ஓம் பிள்ளை, வந்திட்டன்" என்றார். மச்சாள் அழுத அழுகையில் மற்ற ஆட்கள் எங்களுக்கு வழிவிட்டு விலகி நடந்தார்கள்.

அண்ணையும் மச்சாளும் இப்போது மில்லிக்கனில் இருக்கிறார்கள். டிசம்பர் வந்தால் பேரப்பிள்ளைகளும் மருமகளும் அங்கேதான். நான் போனால் சும்மா இராமல், "அண்ணை, அந்தப் பாட்டை ஒருக்காப் பாடுங்கோவன், பிள்ளையள் கேக்கட்டும்" என்று சீண்டிப் பார்ப்பேன். அவர் பாடமாட்டார். கூடத்தைச் சுற்றி ஒருமுறை பார்ப்பார்.

"எல்லாரும் இஞ்சதானே இருக்கினம், தங்கச்சி" என்பார். "இனி ஆரைக் கூப்பிடுறது?"